கப்பலுக்கு பெர்த்... பிரின்டருக்கு நம்பர்!

குட்டீஸ்... காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடலோரமாகப் போயிருக்கிறீர்களா? தூரத்தில், கடலுக்குள் பெரிய கப்பல்கள் அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். துறைமுகம் பக்கத்திலேயே இருக்கும்போது, அவை ஏன் உள்ளே வராமல் அங்கேயே நிற்கின்றன?

உள்ளே இடம் கிடைக்கக் காத்திருக்கின்றன!

துறைமுகத்தில், கப்பலை நிறுத்தி சரக்கு ஏற்றி, இறக்கும் இடத்துக்கு, 'பெர்த்' என்று பெயர். ஒவ்வொரு பெர்த்துக்கும் ஓர் எண் உண்டு. வருகிற கப்பல், தன் இஷ்டத்துக்கு ஓர் இடத்தில் போய் நின்றுவிட முடியாது. எந்தக் கப்பல், எந்த பெர்த்தில் நிற்க வேண்டும் என்று துறைமுகம்தான் முடிவு செய்யும். அதன் பின், 'பைலட்' என்ற வழிகாட்டி கப்பலில் ஏறி, இழுவைக் கப்பல்களின் துணையோடு அதை உள்ளே கொண்டு வருவார். சரக்கை இறக்கி, அந்தக் கப்பல் புறப்பட்டுப் போனதும், அதே பெர்த் வேறொரு கப்பலுக்குக் கொடுக்கப்படும்.

'கப்பல் கதை நல்லாத்தான் இருக்கு... இதை எதற்கு எங்களுக்குச் சொல்றீங்க?' என்று கேட்கிறீர்களா? இதே கதைதான், உங்கள் வீட்டுக்குள்ளும் தினமும் நடக்கிறது. அது தெரிந்தால், 'பிரின்டர் வேலை செய்யலை... மெக்கானிக்கைக் கூப்பிடு' என்று வீட்டில் எல்லாரும் திண்டாடும்போது, நீங்கள் முன்னால் போய் நிற்கலாம்.

வீட்டுக்குள் ஒரு துறைமுகம்!

இன்டர்நெட் இணைப்பு உள்ள வீடுகளில், பச்சை விளக்குகள் மினுக்கிக் கொண்டு ஒரு பெட்டி இருக்கும். அதுதான், ரவுட்டர். வீட்டிலுள்ள மொபைல் போன், லேப்-டாப், டிவி, பிரின்டர், வாசலில் மாட்டிய கண்காணிப்பு கேமரா எல்லாம் அதனோடுதான் இணைகின்றன. ரவுட்டர், துறைமுகம் என்றால், இவையெல்லாம் அதற்குள் வரும் கப்பல்கள்.

ஒவ்வொரு கருவியும் வந்து சேரும்போது, ரவுட்டர் அதற்கு ஓர் எண் கொடுக்கும். அதற்கு, 'ஐ.பி. எண்' என்று பெயர். பார்க்க இப்படி இருக்கும்: 192.168.1.20

நான்கு எண்கள், இடையில் புள்ளிகள். ஒவ்வோர் எண்ணும், 0 முதல், 255க்குள் இருக்கும். ஒரு கருவி மற்றொரு கருவிக்கு எதை அனுப்பினாலும், இந்த எண்ணைப் பார்த்துத்தான் அனுப்பும். தபால்காரருக்கு வீட்டு எண் எப்படியோ, அப்படி!

இந்த முறைக்கான விதிகள், 1981ல் வெளியாயின. இப்படி நான்கு எண்களைச் சேர்த்து எத்தனை முகவரிகள் உண்டாக்க முடியும் தெரியுமா? சுமார், 429 கோடி! அன்றைக்கு அது பெரிய எண்ணாகத் தெரிந்தது. ஆனால், உலக மக்கள்தொகை, 2022ல், 800 கோடியைத் தொட்டுவிட்டது. ஒருவர் கையில் ஒரு போன் என்றால்கூடப் போதாதே!

அதற்கு ஒரு யோசனை செய்தனர். சில எண்களை, வீடு, பள்ளி, அலுவலகம் ஆகியவற்றின் உள்உபயோகத்துக்கு என்று, 1994ல் ஒதுக்கி வைத்தனர். 192.168 என்று தொடங்குபவை அப்படிப்பட்டவை. இவற்றை யார் வேண்டுமானாலும், தங்கள் வீட்டுக்குள் பயன்படுத்தலாம்.

'அப்படியானால் ராயபுரத்தில் ஒரு வீட்டுப் பிரின்டருக்கும், எண்ணூரில் ஒரு வீட்டு டிவிக்கும் ஒரே எண் இருக்குமே... குழப்பம் வராதா?'

நல்ல கேள்வி! சென்னையில் எத்தனை பேட்டைகளில், 'முதல் தெரு' இருக்கிறது! ஒரே பேட்டைக்குள், இரண்டு, 'முதல் தெரு' இருந்தால்தான் குழப்பம். அதுபோல, ஒரே ரவுட்டருக்குக் கீழே, ஒரே எண் இரண்டு கருவிகளுக்கு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்!

நான்கே வரிப் பேச்சு!

ஒரு கருவி ரவுட்டரிடம் எண் வாங்குவது, நான்கே வரிப் பேச்சில் முடிந்துவிடும். நம் மொழியில் சொன்னால், இப்படி இருக்கும்:

லேப்-டாப்: யாராவது எனக்கு ஓர் எண் தருவீர்களா?

ரவுட்டர்: 192.168.1.20 காலியாக இருக்கிறது. வேண்டுமா?

லேப்-டாப்: சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ரவுட்டர்: எழுதிக்கொண்டேன். 24 மணி நேரத்துக்கு அது உன்னுடையது!

இந்த முறைக்கு, 'டி.ஹெச்.சி.பி.' என்று பெயர். 1993ல் முதல் விதிகள் வந்தன. 1997ல் அவை திருத்தி வெளியிடப்பட்டன. அதற்கு முன், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் எண்ணை ஒருவர் உட்கார்ந்து எழுதித் தர வேண்டியிருந்தது.

கடைசி வரியைக் கவனித்தீர்களா? எண் என்றென்றைக்கும் சொந்தமில்லை. லீசுக்கு வீடு எடுப்பது போல, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும்தான். பாதி நேரம் முடிந்ததும், 'இன்னும் இங்கேதான் இருக்கிறேன்' என்று கருவி சொல்லும். ரவுட்டரும் நேரத்தை நீட்டிக்கும். அணைத்து வைத்த கருவியால் அப்படிச் சொல்ல முடியாதே! நேரம் முடிந்ததும், அந்த எண் காலி. வேறொருவருக்குப் போய்விடலாம்.

காணாமல் போன பிரின்டர்!

இதில் என்ன வம்பு வரும்? திருவொற்றியூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அக்காவுக்கு அன்று பொதுத்தேர்வு. ஹால் டிக்கெட்டை எங்கேயோ தொலைத்துவிட்டாள். பள்ளியில் இருந்து லேப்-டாப்புக்கு அனுப்பிவிட்டனர். ஒரு தாள் அச்சிட்டால் போதும்.

பிரின்டரில் மை இருக்கிறது, தாள் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் லேப்-டாப்போ, 'பிரின்டர் இணைப்பில் இல்லை' என்கிறது. காலை 7:00 மணிக்கு எந்த ஜெராக்ஸ் கடை திறந்திருக்கும்?

நடந்தது இதுதான். போன வாரம் பிரின்டருக்கு, 192.168.1.20 என்ற எண் கிடைத்திருந்தது. லேப்-டாப் அதை நினைவில் வைத்துக் கொண்டது. முந்தின நாள் இரவு கரன்ட் போய், திரும்ப வந்தது. பல ரவுட்டர்கள், ஒருமுறை அணைந்தால், யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற பட்டியலையே மறந்துவிடும். கரன்ட் வந்ததும், டிவி முதலில் எழுந்து எண் கேட்டது. 20 அதற்குப் போய்விட்டது. காலையில் பிரின்டரைப் போட்டபோது, அதற்கு 23 கிடைத்தது. லேப்-டாப்போ, இன்னும் 20ன் கதவைத் தட்டிக் கொண்டிருக்கிறது. டிவிக்கு அச்சடிக்கத் தெரியுமா, என்ன?

சென்னையில் பல வீட்டு வாசலில், 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று எழுதியிருப்பார்கள். எதற்கு? பழைய எண்ணுக்கு வரும் கடிதம், வழி தவறாமல் வந்து சேரத்தான். பிரின்டருக்கு அப்படி எழுதி மாட்ட யாருமில்லையே!

பிரின்டர் கெட்டுப் போகவில்லை. மாறியது, அதன் முகவரி மட்டும்தான். இது தெரியாமல், புதுப் பிரின்டர் வாங்குபவர்களும் உண்டு.

எண்ணூர் சொல்லும் வழி!

இதற்கு என்ன செய்யலாம்? பதிலுக்கு, எண்ணூர் வரை போய் வருவோம்.

எண்ணூருக்கு வடக்கே, 2001ல், புதிய துறைமுகம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர், காமராஜர் துறைமுகம். மத்திய அரசின் பெரிய துறைமுகங்களின் வரிசையில், அது 12வது. முதலில் அதை எதற்காகக் கட்டினர் தெரியுமா? அனல் மின் நிலையங்களுக்கு வேண்டிய நிலக்கரியை இறக்க!

அங்கே, தமிழ்நாடு மின்வாரியத்தின் நிலக்கரிக்கு என்றே ஒதுக்கப்பட்ட பெர்த்துகள் இருக்கின்றன. ஏன் தனியாக ஒதுக்க வேண்டும்? இறக்கிய நிலக்கரியை, மின் நிலையத்துக்குக் கொண்டு போகும் கன்வேயர் பெல்ட், அந்த பெர்த்தில் இருந்துதான் தொடங்குகிறது. நிலக்கரிக் கப்பல் இன்று ஓரிடம், நாளை வேறிடம் என்று நின்றால், பெல்ட்டையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓட முடியுமா?

பிரின்டரும் அப்படித்தான். மற்றவர்கள் அதைத் தேடி வர வேண்டும். ஆகவே, அது ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கண்காணிப்பு கேமராவும் அப்படியே. போன், டேப்லட் போன்றவற்றைப் பெரும்பாலும் யாரும் தேடிப் போவதில்லை. அவற்றுக்கு எந்த எண் கிடைத்தாலும் கவலை இல்லை.

ஆக, பிரின்டருக்கு மட்டும் ஓர் எண்ணை ஒதுக்கி வைக்கும்படி, ரவுட்டரிடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது! அதற்கு, 'ரிசர்வேஷன்' என்று பெயர். ரயிலில் செய்வது போலத்தான்.

பெயர் மாறினாலும் எண் மாறாது!

ரிசர்வேஷன் செய்ய, 'யாருக்கு' என்று சொல்ல வேண்டுமே... ரவுட்டர், பிரின்டரை எப்படி அடையாளம் கண்டுகொள்ளும்?

கப்பல்களுக்கு ஓர் அடையாள எண் உண்டு. அதை, 'ஐ.எம்.ஓ. எண்' என்பர். சர்வதேச கடல்சார் அமைப்பு, 1987ல் கொண்டு வந்த ஏழு இலக்க எண் அது. 1996 முதல், பெரிய கப்பல்களுக்குக் கட்டாயமானது. கப்பலை விற்கலாம், பெயரை மாற்றலாம், வேறு நாட்டுக் கொடியைக் கட்டலாம். ஆனால், அந்த எண் மட்டும், கப்பலை உடைக்கும் வரை மாறாது. பெர்த் எண், துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும், ஐ.எம்.ஓ. எண் மாறாது.

அதைப்போல, வை-பை கருவிகளுக்கும் தொழிற்சாலையிலேயே ஓர் எண் கொடுத்துவிடுவர். அதுதான், 'மேக் எண்!' இதில், 12 இடங்கள். 0 முதல் 9 வரை உள்ள எண்களும், ஆங்கிலத்தில், 'ஏ' முதல் 'எஃப்' வரை உள்ள ஆறு எழுத்துக்களும் மட்டுமே வரும். பொதுவாக, முதல் ஆறு இடங்கள், செய்த நிறுவனத்தைக் குறிக்கும். மீதி ஆறு, அந்தக் கருவியை.

'இந்த மேக் எண் கொண்டவர் வந்தால், 192.168.1.20ஐ மட்டும் கொடு. மற்ற யாருக்கும் அதைக் கொடுக்காதே!' இதுதான், நாம் ரவுட்டருக்கு இடும் கட்டளை.

செய்து பார்க்கலாமா?

அப்பா, அம்மா அல்லது அக்கா, அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ரவுட்டர், வீட்டுக்கே பொதுவானது. சொல்லாமல் கை வைக்கக் கூடாது.

1. பிரின்டரின் செட்டிங்ஸில், 'நெட்வொர்க்' பகுதிக்குச் சென்று, மேக் எண்ணைப் பாருங்கள். பல பிரின்டர்கள், இந்த விவரத்தை ஒரு தாளில் அச்சடித்தே கொடுத்துவிடும். அதை நோட்டில் எழுதுங்கள்.

2. ரவுட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ரவுட்டரின் எண் (பெரும்பாலும், 192.168.1.1 அல்லது 192.168.0.1), பயனர் பெயர், பாஸ்வேர்டு ஆகியவை அச்சாகியிருக்கும். லேப்-டாப்பில் இன்டர்நெட் பார்க்கும் இடத்தில், அந்த எண்ணை அடித்தால், ரவுட்டரின் பக்கம் திறக்கும்.

3. அதில், டி.ஹெச்.சி.பி. என்ற பகுதியைத் தேடுங்கள். அங்கே, 'அட்ரஸ் ரிசர்வேஷன்' இருக்கும். சில ரவுட்டர்களில், 'ஸ்டேட்டிக் லீஸ்' என்றோ, 'பைண்டிங்' என்றோ இருக்கலாம். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

4. பிரின்டரின் மேக் எண்ணையும், கொடுக்க விரும்பும் ஐ.பி. எண்ணையும் எழுதி, சேமியுங்கள். 1ல் முடிவது ரவுட்டருக்கே இருக்கும், அதைத் தொடாதீர்கள். 0, 255 இரண்டும் பொது வேலைக்கானவை, அவையும் வேண்டாம். வேறு கருவி ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணும் கூடாது. அந்தப் பட்டியல், ரவுட்டர் பக்கத்திலேயே தெரியும்.

5. பிரின்டரை அணைத்து, மறுபடி போடுங்கள். லேப்-டாப்பில் பழைய பிரின்டரை நீக்கிவிட்டு, புதிய எண்ணைச் சொல்லிச் சேருங்கள்.

இதற்குக் காசு எதுவும் கிடையாது. இன்டர்நெட் நிறுவனங்கள், 'ஸ்டேட்டிக் ஐ.பி.' என்று தனிக்கட்டணத்துக்குத் தருவது வேறு. அது, வெளி உலகில் இருந்து உங்கள் இணைப்பை அடையாளம் காண உதவும் எண். வீட்டுக்குள் இருக்கும் பிரின்டருக்கு, அது தேவையே இல்லை.

அப்படியும் அடம் பிடித்தால்...

எல்லாம் சரியாகச் செய்தும், பிரின்டருக்கு வேறு எண்ணே வருகிறதா? பதற்றப்படாமல், துப்பறியும் அதிகாரி போல, ஒவ்வொன்றாக விசாரியுங்கள்.

சந்தேகம் 1: பழைய லீஸ் இன்னும் முடியவில்லையோ?

கையில் இருக்கும் பழைய எண்ணை, நேரம் முடியும்வரை கருவி விடாது. பிரின்டரை அணைத்துப் போடுங்கள். அப்படியும் மாறாவிட்டால், ரவுட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

சந்தேகம் 2: பிரின்டருக்குள்ளேயே யாராவது எண்ணை எழுதிவிட்டார்களோ?

பிரின்டரின் செட்டிங்ஸில், 'மேனுவல்' என்று இருந்தால், அது ரவுட்டரைக் கேட்கவே கேட்காது. தனக்குள் எழுதிய எண்ணோடு வந்து நின்றுவிடும். துறைமுகத்துக்குச் சொல்லாமல் நுழைந்த கப்பல் மாதிரி! ரவுட்டரும், அது தெரியாமல், அதே எண்ணை வேறு கருவிக்குக் கொடுத்துவிடக்கூடும். ஆகவே, பிரின்டரில், 'ஆட்டோ' என்றே வைத்து, ரிசர்வேஷனை ரவுட்டரில் மட்டும் செய்யுங்கள்.

சந்தேகம் 3: ஒரே பெர்த்தில் இரண்டு கப்பலோ?

சில நேரம் அச்சாகிறது; சில நேரம் ஆகவில்லை. அப்படியானால், ஒரே எண் இரண்டு கருவிகளிடம் இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. பிரின்டரை அணைத்துவிடுங்கள். லேப்-டாப்பில், 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலத்தில், 'பிங்' என்று அடித்து, இடைவெளி விட்டு, பிரின்டரின் எண்ணை அடியுங்கள். 'அந்த எண்ணில் யாராவது இருக்கிறீர்களா?' என்று கூப்பிடும் கட்டளை அது. 'எட்ட முடியவில்லை' என்றோ, 'நேரம் முடிந்துவிட்டது' என்றோ வந்தால், சரி. அணைத்து வைத்த பிரின்டரின் எண்ணில் இருந்து பதில் வந்தால்? அகப்பட்டார் ஆள்மாறாட்டக்காரர்! வீட்டிலுள்ள மற்ற கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் பதில் நிற்கிறதோ, அதுதான் ஆள்.

சந்தேகம் 4: மேக் எண் சரிதானா?

பிரின்டரில் கேபிள் செருகும் வசதியும், வை-பை வசதியும் இருந்தால், இரண்டுக்கும் தனித்தனி மேக் எண்கள் இருக்கும். எதில் இணைத்திருக்கிறீர்களோ, அதன் எண்ணைத்தான் எழுத வேண்டும். எழுதும்போது, 8ஐ, 'பி' என்றும், 0வை, 'டி' என்றும் தவறாகப் படித்துவிடும் வாய்ப்பு உண்டு. ஒன்று தப்பினாலும், ரிசர்வேஷன் செல்லாது.

சந்தேகம் 5: போன், மாறுவேடம் போடுகிறதோ?

போனுக்கோ, டேப்லட்டுக்கோ ரிசர்வேஷன் செய்தால், இந்தத் தொல்லை வரும். 2019ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020ல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலும், போன்கள் தங்கள் உண்மையான மேக் எண்ணைச் சொல்லாமல், வை-பைக்கு ஒன்றாகப் பொய் எண் சொல்லும். இது குறும்பு இல்லை, பாதுகாப்பு! கடை, ரயில் நிலையம் என்று போகிற இடமெல்லாம், மேக் எண்ணை வைத்து நம்மை யாரும் பின்தொடரக் கூடாது அல்லவா? வெளியிடங்களில் அது அப்படியே இருக்கட்டும். உங்கள் வீட்டு வை-பைக்கு மட்டும், செட்டிங்ஸில் உண்மையான எண்ணைச் சொல்லும்படி மாற்றினால் போதும்.

சந்தேகம் 6: வீட்டில் இரண்டு துறைமுகமோ?

இன்டர்நெட் நிறுவனம் மாட்டிய பெட்டி ஒன்று. மாடிக்கும் வை-பை எட்ட வேண்டும் என்று கடையில் வாங்கிய ரவுட்டர் இன்னொன்று. பல வீடுகளில் இப்படித்தான். இரண்டுமே எண் கொடுக்கும் வேலையைச் செய்தால், நீங்கள் ஒன்றில் ரிசர்வேஷன் செய்திருக்க, பிரின்டர் மற்றொன்றிடம் எண் வாங்கிக்கொண்டு வந்துவிடும். அடையாளம் என்ன? லேப்-டாப்பின் எண், 192.168.1 என்றும், பிரின்டரின் எண், 192.168.0 என்றும் தொடங்கினால், இரண்டும் வேறு வேறு துறைமுகத்தில் நிற்கின்றன என்று புரிந்துகொள்ளலாம். எண் கொடுக்கும் வேலையை ஒன்று மட்டும் செய்யும்படி மாற்ற வேண்டும். இதைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

சந்தேகம் 7: 169.254 என்று தொடங்குகிறதா?

அப்படியானால், கருவி எண் கேட்டுக் கூவியது; யாருமே பதில் சொல்லவில்லை. கடைசியில், தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, நடுக்கடலில் நிற்கிறது! வை-பை பாஸ்வேர்டு சரியா, கேபிள் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா, ரவுட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிரின்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மேக் எண்ணில் ஓர் எழுத்து தப்பினால், ரவுட்டரால் கண்டுபிடிக்க முடியாது என்று பார்த்தோம். ஆனால், கப்பலின் ஐ.எம்.ஓ. எண்ணில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. அதன் ஏழாவது இலக்கம், முதல் ஆறு இலக்கங்களுக்குக் காவல்காரன்!

எடுத்துக்காட்டாக, 9074729 என்ற எண்ணைப் பாருங்கள். முதல் ஆறு இலக்கங்களை, முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கி, கூட்ட வேண்டும்.

9 × 7 = 63
0 × 6 = 0
7 × 5 = 35
4 × 4 = 16
7 × 3 = 21
2 × 2 = 4

மொத்தம், 139. இதன் கடைசி இலக்கம், 9. ஐ.எம்.ஓ. எண்ணின் கடைசி இலக்கமும், 9. பொருந்துகிறது!

அவசரத்தில் ஒருவர், கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி, 9074792 என்று எழுதிவிட்டால்? கூட்டுத்தொகை, 153 வரும். கடைசியில், 3 இருக்க வேண்டும். ஆனால், 2 இருக்கிறது. தப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

மேக் எண்ணில் இப்படிக் காவல்காரன் இல்லை. அதனால், எழுதியதும், ஒருவர் படிக்க, இன்னொருவர் சரிபார்ப்பதுதான் நல்லது.

ஒரு பக்கம் போதும்!

இத்தனை செய்த பிறகும், ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ரவுட்டர் பழுதாகிப் புதிது வாங்கினாலோ, இன்டர்நெட் நிறுவனத்தை மாற்றினாலோ, நீங்கள் செய்த ரிசர்வேஷன் எல்லாம் பழைய பெட்டியோடு போய்விடும். மறுபடி முதலில் இருந்து தேட வேண்டும்.

அதனால், வீட்டு நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். கருவியின் பெயர், மேக் எண், ஐ.பி. எண் என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வையுங்கள். ரவுட்டரின் பாஸ்வேர்டை அந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம். அது அப்பா, அம்மாவிடம் இருக்கட்டும். ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டையே வைத்திருந்தால், அதை மாற்றச் சொல்லுங்கள். ரவுட்டர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து, நண்பர்களுக்கு அனுப்பவே கூடாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டில் எத்தனை, 'கப்பல்கள்' நிற்கின்றன என்று ரவுட்டர் பக்கத்தில் எண்ணிப் பாருங்கள். பட்டியலில் உங்களுக்குத் தெரியாத கப்பல் ஒன்று இருந்தால், அது யாருடையது என்று பெரியவர்களோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள்.

என்ன குட்டீஸ், நோட்டும், பேனாவும் தயாரா?